கோசெட்டில் தடுக்கி விழுபவர்களுக்கு

கால்குலஸில் கரை கண்டவர்கள்கூட நுண்புல இயற்கணிதத்தின் முதல் சில வாரங்களில் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதுவரை கைகொடுத்த திறமைக்கு இந்த வகுப்பில் வேலையே இல்லை. தொகையிடு, சுருக்கு, விடையைச் சுற்றிக் கட்டம் போடு என்று பழகியவர்களிடம் ஒரு கணத்தையும் ஒரு செயலியையும் நான்கு விதிகளையும் நீட்டுகிறார்கள். கணத்தில் ஏதாவது இரண்டு உறுப்புகளை எடுத்துச் செயலியால் சேர்த்தால், கிடைப்பது அந்தக் கணத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் விடை மாறக் கூடாது. யாரோடு சேர்ந்தாலும் அவரை மாற்றாத ஒரு சமனி உறுப்பு வேண்டும். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு நேர்மாறு வேண்டும். இதற்குப் பெயர் குலம். சரி, இதை வைத்து என்ன கணக்குப் போடுவது? ஒன்றும் இல்லை. "சமனி ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது என்று நிறுவுக" என்பதுதான் முதல் வீட்டுப்பாடம்.

நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவன். பின்னாளில் அதே பாடத்துக்கான பயிற்சி வகுப்புகளில் இளையவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தரவும் நேர்ந்தது. இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான். முதல் பருவம் முழுவதும் அந்தப் பாடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது: வெவ்வேறு பொருள்களை எப்போது ஒன்றாக எண்ணலாம்? அப்படி எண்ணிய பிறகும் கூட்டலோ பெருக்கலோ குளறுபடி ஆகாமல் இருக்க என்ன வேண்டும்? இந்தக் கேள்வியை யாரும் முதல் நாளில் சொல்வதில்லை. அது தெரியாமல் படிக்கிறவருக்கு வரையறைக்குப் பின்னால் வரையறையாக வந்துகொண்டே இருக்கும். எதற்கு என்று மட்டும் தெரியாது.

வரலாற்றில் வரையறை முதலில் வரவேயில்லை. இருபடிச் சமன்பாட்டின் சூத்திரம் எல்லோருக்கும் பள்ளியிலேயே மனப்பாடம். முப்படிக்கும் நாற்படிக்கும் சூத்திரங்கள் 1545இல் கார்டானோ வெளியிட்ட புத்தகத்தில் அச்சாகின. நாற்படியைத் தீர்த்தவர் அவருடைய மாணவர் ஃபெராரி. அடுத்து ஐந்துபடி. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டும் ஒருவருக்கும் பிடி கிடைக்கவில்லை. 1770 வாக்கில் லக்ராஞ்ச் கேள்வியையே திருப்பிப் போட்டார். ஐந்துக்கு ஏன் முடியவில்லை என்பதை விடுவோம், மூன்றுக்கும் நான்குக்கும் ஏன் முடிந்தது?

அவர் பார்த்ததை ஒரு தாளில் நாமும் பார்த்துவிடலாம். ஒரு நாற்படிச் சமன்பாட்டுக்கு நான்கு மூலங்கள். முதல் இரண்டையும் பெருக்குங்கள், மற்ற இரண்டையும் பெருக்குங்கள், இரண்டு பெருக்கங்களையும் கூட்டுங்கள். இப்போது நான்கு மூலங்களையும் இஷ்டத்துக்கு இடம் மாற்றுங்கள். 24 விதமாக மாற்றலாம். ஆனால் அந்தக் கூட்டுத்தொகைக்கு 24 மதிப்புகள் வராது. எழுதிப் பார்த்தால் மூன்றே மூன்றுதான் வரும், ஏனென்றால் முதல் மூலத்துக்கு யார் ஜோடி என்பது மட்டும்தான் அங்கே கணக்கு. மூன்று மதிப்புகள் என்றால் அவற்றை மூலங்களாகக் கொண்ட ஒரு முப்படிச் சமன்பாடு எழுதலாம். நாற்படி முப்படியாக இறங்குகிற ரகசியம் அவ்வளவுதான். 24 இடமாற்றங்கள் எட்டெட்டாக மூன்று கட்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கட்டும் ஒரே ஆள் போல நடந்துகொள்கிறது. இப்படிச் சம அளவில் பிரியும் கட்டுக்குத்தான் பின்னாளில் கோசெட் என்று பெயர் வந்தது. அந்தச் சொல் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே கோசெட் அங்கே வேலை செய்துகொண்டிருந்தது.

அப்புறம் நடந்தது பலருக்கும் கதையாகத் தெரியும். 1799இல் ருஃபினி ஐந்துபடிக்குப் பொதுச் சூத்திரம் கிடையாது என்றார். அவருடைய நிறுவலில் ஓர் ஓட்டை இருந்தது. 1824இல் ஆபெல் அதை முழுமையாக நிறுவினார். எந்தச் சமன்பாடு சூத்திரத்துக்கு மசியும், எது மசியாது என்று தரம் பிரிக்க வழி சொன்னவர் கால்வா. 1832 மே மாதத்தில் துப்பாக்கிச் சண்டை ஒன்றில் காயம்பட்டு இறந்தபோது அவருக்கு வயது 20. அவருடைய தாள்களை லியூவில் அச்சுக்குக் கொண்டுவந்தது 1846இல். குலத்துக்குப் பொதுவாக ஒரு வரையறை எழுத கெய்லி முயன்றது 1854இல். ஆக, முதல் வகுப்பில் ஐந்து நிமிடத்தில் கரும்பலகையில் ஏறும் அந்த நான்கு விதிகளுக்குப் பின்னால் எண்பது வருட உழைப்பு இருக்கிறது. எங்களுக்குப் பாடம் எடுத்தவர் இதில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அரை மணி நேரம் போயிருக்கும், மீதிப் பருவம் மிச்சமாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

பயிற்சி வகுப்பில் நான் முதலில் செய்யச் சொல்வது ஒரு சதுரத் தாளை வெட்டுவது. பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு கத்தரிக்கோலா என்று சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். பரவாயில்லை, வெட்டுங்கள். மேல் இடது மூலையிலிருந்து கடிகாரச் சுற்றில் 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள், பின்பக்கத்திலும் அதே மூலையில் அதே எண். இப்போது சதுரத்தை எடுத்து, இருந்த இடத்திலேயே மறுபடி பொருந்துமாறு வைக்க எத்தனை வழி? சுழற்றாமல் விடுவதையும் சேர்த்து நான்கு சுழற்சிகள், நான்கு புரட்டல்கள், மொத்தம் எட்டு. ஒரு நகர்வைச் செய்து அதன் மேல் இன்னொன்றைச் செய்தால் இந்த எட்டில் ஒன்றுதான் கிடைக்கும். அதுதான் செயலி.

கடிகாரச் சுற்றில் 90 பாகை சுழற்றிவிட்டு, பிறகு இடவலமாகப் புரட்டிப் பாருங்கள். 1ஆம் 3ஆம் மூலைகள் பழைய இடத்துக்கே வந்திருக்கும், 2ஆம் 4ஆம் இடம் மாறியிருக்கும். மறுபடி தொடக்க நிலைக்கு வந்து, முதலில் புரட்டி, அப்புறம் சுழற்றுங்கள். இந்தத் தடவை 2ஆம் 4ஆம் அப்படியே இருக்க, 1ஆம் 3ஆம் மாறியிருக்கும். எண்களின் பெருக்கலில் வாழ்நாளெல்லாம் இலவசமாகக் கிடைத்த பரிமாற்று விதி இங்கே கிடையாது என்பதைக் கை பார்த்துவிட்டால், "ஆபெலியன் அல்லாத குலம்" என்று எழுதும்போது மனதுக்குள் ஏதோ ஒன்று அசையும். வெறும் வரையறையை உருப்போட்டவருக்கு அது அசையாது.

அடுத்து எட்டுக்கு எட்டு அட்டவணை. 64 கட்டங்களையும் கையால் நிரப்ப வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் குறுக்கு வழி வேண்டாம். பாதி நிரப்பும்போதே ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நகர்வும் ஒரே ஒரு முறைதான் வருகிறது என்பது கண்ணில் படும். ஏன் என்று கேட்கத் தோன்றும். ஒரே நகர்வைத் தொடர்ந்து செய்த இரண்டு வெவ்வேறு நகர்வுகள் ஒரே இடத்தில் போய் முடிந்தால், நேர்மாறை வைத்து அந்தப் பொது நகர்வைக் கழற்றிவிடலாம்; கழற்றினால் மிச்சம் இரண்டும் ஒன்றே என்று ஆகிவிடும். நீக்கல் விதிக்கு நிறுவல் அவ்வளவுதான். யாரும் சொல்லித் தராமல், கட்டம் நிரப்பும் சலிப்பிலிருந்து தானாக வந்த நிறுவல்.

சமனி ஒன்றுதான், நேர்மாறு ஒன்றுதான் என்பன போன்ற ஆரம்ப நிறுவல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவை கடினமே இல்லை. "இதுகூடத் தெரியாதா" என்று தோன்றுவதுதான் அவற்றின் தொல்லை. எண்களைப் பற்றி நமக்குத் தெரிந்த எதையும் துணைக்கு அழைக்காமல், கொடுத்த நான்கு விதிகளை மட்டும் வைத்து ஒரு வாக்கியத்திலிருந்து அடுத்த வாக்கியத்துக்குப் போகப் பழகுவதுதான் அங்கே பயிற்சி. ஒவ்வொரு சமக்குறிக்கும் பக்கத்தில் எந்த விதி என்று எழுதி வந்தால் இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

லக்ராஞ்ச் தேற்றத்தில்தான் பாடம் முதல் முறையாகப் பலன் கொடுக்கத் தொடங்குகிறது. முடிவுள்ள ஒரு குலத்துக்குள் ஒரு உட்குலம் (அதே செயலியோடு தானே ஒரு குலமாக நிற்கும் பகுதி) இருந்தால், உட்குலத்தின் அளவு குலத்தின் அளவை மீதியின்றி வகுக்கும். உட்குலத்தை எடுத்து, குலத்தின் ஒவ்வோர் உறுப்பாலும் தள்ளிப் பார்த்தால் கிடைக்கும் பிரதிகள்தான் கோசெட்டுகள். எல்லாம் ஒரே அளவு. இரண்டு கோசெட்டுகள் ஓர் உறுப்பைப் பகிர்ந்துகொண்டால் இரண்டும் முழுக்க ஒன்றே. எனவே குலம் சம அளவுத் துண்டுகளாகச் சிதறாமல் பிரிகிறது. நிறுவல் முடிந்தது. இதன் மறுதலை பொய் என்பதையும் அன்றே தெரிந்துகொள்வது நல்லது: நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் (இரண்டிரண்டாக இடம் மாற்றுவதை இரட்டைப்படைத் தடவை செய்தால் கிடைப்பவை) 12 கொண்ட ஒரு குலம்; 6 அதை வகுக்கும்; ஆனால் அதற்குள் 6 உறுப்புகள் கொண்ட உட்குலம் கிடையாது. தேர்வில் கேட்பார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை (கேட்பார்கள்).

இந்தத் தேற்றத்துக்கு எனக்குப் பிடித்த விளையாட்டு, சீட்டுக் குலுக்கல். 52 சீட்டுகளைச் சரிபாதியாக வெட்டி, ஒன்றுவிட்டு ஒன்றாக, துளி பிசகாமல் பின்னுங்கள். மேல் சீட்டு மேலேயே, அடிச் சீட்டு அடியிலேயே இருக்க வேண்டும். இப்படி எட்டு முறை செய்தால் கட்டு தொடக்க நிலைக்கே திரும்பிவிடும். மாயம் எதுவும் இல்லை. சீட்டுகளின் இடங்களை மேலிருந்து 0, 1, 2 என்று 51 வரை எண்ணினால், ஒவ்வொரு குலுக்கலும் இடத்தின் எண்ணை இரட்டித்து 51ஆல் வகுத்து மீதியை எடுக்கிறது. அடிச் சீட்டு மட்டும் அசைவதில்லை. இரண்டின் எட்டாம் அடுக்கு 256. அதில் ஐந்து 51கள், அதாவது 255 போக மீதி 1. ஆகவே எட்டு குலுக்கலில் எல்லாமே ஒன்றால் பெருக்கப்பட்ட கணக்கு. இனி சின்ன மாற்றம்: மேல் சீட்டு இரண்டாம் இடத்துக்குப் போகுமாறு பின்னினால் என்ன ஆகும்? இடங்களை 1இலிருந்து எண்ண வேண்டும், 53ஆல் வகுத்த மீதியை எடுக்க வேண்டும், கட்டு பழையபடி ஆக 52 குலுக்கல்கள் வேண்டும். 53 பகா எண், அதனால் பெருக்கல் குலத்தில் 52 உறுப்புகள். லக்ராஞ்ச் தேற்றப்படி விடை 52ஐ வகுக்கும் எண்ணாகத்தான் இருக்க முடியும். 4, 26 ஆகிய இரண்டை மட்டும் சோதித்தால் போதும், மற்ற சிறிய வகுத்திகள் இவற்றுக்குள் அடங்கிவிடும். இரண்டுமே சரிவராது. ஆக, 52தான். ஃபெர்மாவின் சிறு தேற்றமும் இதே நூலில் கட்டியதுதான். அதிலிருந்து 1977இல் வந்த ஆர்எஸ்ஏ குறியாக்கம் ஒரு எட்டு தூரம்.

இதுவரை வண்டி ஓடிவிடும். மாணவர்கள் கூட்டமாகக் குடை சாய்வது அடுத்து வரும் ஈவுக் குலத்தில். என் கணக்கில் முதல் பருவத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மீதி எல்லாவற்றையும் ஓட்டமாகப் படித்தாலும் இங்கே வாரக்கணக்கில் உட்காரலாம்.

கோசெட்டுகளாகப் பிரித்தாயிற்று. அந்தக் கோசெட்டுகளையே புது உறுப்புகளாக வைத்து ஒரு குலம் கட்ட முடியுமா? முழு எண்களில் நாம் இதைச் சின்ன வயதிலிருந்தே செய்கிறோம். ஒற்றையும் ஒற்றையும் கூட்டினால் இரட்டை. எந்த ஒற்றை, எந்த ஒற்றை என்று யாரும் கேட்பதில்லை. 7ஐயும் 23ஐயும் எடுத்தாலும் இரட்டைதான், 1ஐயும் 105ஐயும் எடுத்தாலும் இரட்டைதான். கோடானுகோடி எண்களை இரண்டே பெட்டிகளில் போட்டு, பெட்டிகளைக் கூட்டுகிறோம். பெட்டியிலிருந்து யாரை எடுத்தாலும் விடைப் பெட்டி மாறுவதில்லை. இந்த ஒரு தன்மையை நம்பித்தான் எல்லாமே நிற்கிறது.

இப்போது மறுபடி அந்தச் சதுரத்துக்கு வாருங்கள். "ஒன்றும் செய்யாதே", "இடவலமாகப் புரட்டு" என்ற இரண்டும் சேர்ந்து ஓர் உட்குலம். அதன் கோசெட்டுகள் நான்கு. அவற்றில் ஒன்றில் இருப்பவை: "சுழற்று" ஒன்று, "புரட்டிவிட்டுச் சுழற்று" இன்னொன்று. சுழற்று என்றால் 90 பாகை. இந்தக் கோசெட்டை இதே கோசெட்டோடு பெருக்கப் போகிறோம். இரண்டு தடவையும் முதல் உறுப்பை எடுத்தால்: சுழற்று, சுழற்று. விடை 180 பாகை. இரண்டாம் தடவை மட்டும் மற்ற உறுப்பை எடுத்தால்: சுழற்று, பிறகு புரட்டு, பிறகு சுழற்று. தாளை எடுத்துச் செய்து பாருங்கள். மேல் வரிசையில் 2, 1 என்றும் கீழ் வரிசையில் 3, 4 என்றும் வரும். வெறும் புரட்டல்! 180 பாகைச் சுழற்சியும் வெறும் புரட்டலும் ஒரே கோசெட்டில் இல்லை. ஒரே பெட்டிகளைத்தான் பெருக்கினோம், யாரை எடுத்தோம் என்பதைப் பொறுத்து விடைப் பெட்டி மாறிவிட்டது. அப்படியானால் அந்தப் பெருக்கலுக்குப் பொருளே கிடையாது.

இந்த உடைசலைத் தன் கையால் ஒரு முறை பார்த்தவருக்கு அடுத்த கேள்வி தானே வரும். எந்த உட்குலத்தை எடுத்தால் உடையாது? "ஒன்றும் செய்யாதே", "180 பாகை சுழற்று" என்ற ஜோடியை எடுத்துப் பாருங்கள், கோசெட் பெருக்கல் அழகாக வேலை செய்யும். நான்கு உறுப்புகள் கொண்ட ஒரு புதுக் குலம் கிடைக்கும், அதில் ஒவ்வோர் உறுப்பும் தனக்குத் தானே நேர்மாறு. காரணத்தைத் தோண்டினால், உட்குலத்தை இடப்பக்கமிருந்து தள்ளினாலும் வலப்பக்கமிருந்து தள்ளினாலும் அதே துண்டு வர வேண்டும் என்ற நிபந்தனைக்கு வந்து சேர்வோம். அந்த நிபந்தனை உள்ள உட்குலத்துக்குத்தான் நார்மல் உட்குலம் என்று பெயர். பாடப்புத்தகத்தில் இது தலைகீழாக இருக்கும். முதலில் நார்மலுக்கு ஒரு வரி வரையறை, அடுத்த வரியில் ஈவுக் குலத்துக்கு வரையறை, "பெருக்கல் நன்கு வரையறுக்கப்பட்டது என்பதை வாசகர் சரிபார்க்கலாம்" என்று ஒரு வரி. வாசகர் எதற்காகச் சரிபார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று சொல்லமாட்டார்கள். நார்மல் அல்லாத உட்குலத்தை வைத்து ஒரு முறை குடி முழுகவிட்டால்தான் அந்த வரிக்கு அர்த்தம் வரும்.

பெட்டிகளை மட்டும் பார்ப்பதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு 15 கட்டை விளையாட்டைக் காட்டுவேன். நான்குக்கு நான்கு சட்டத்தில் 15 கட்டைகள், ஒரு காலி இடம். காலி இடம் வலது கீழ் மூலையில். 14ஐயும் 15ஐயும் மட்டும் மாற்றி வைத்துவிட்டு, நகர்த்தி நகர்த்திச் சரிசெய் என்றால் முடியுமா? முடியாது. அது ஏன் என்று ஜான்சனும் ஸ்டோரியும் 1879இலேயே நிறுவிவிட்டார்கள். மொத்த வரிசைமாற்றங்கள் 2,09,22,78,98,88,000. இவற்றில் ஒவ்வொன்றாகத் தேடி யாரும் "முடியாது" என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எல்லாவற்றையும் இரட்டை, ஒற்றை என்ற இரண்டு பெட்டிகளில் போட்டுவிடலாம். ஒவ்வொரு நகர்த்தலும் காலி இடத்தையும் ஒரு கட்டையையும் மாற்றுகிறது, எனவே ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பெட்டி மாறும். காலி இடம் கிளம்பிய மூலைக்கே திரும்ப வேண்டுமானால், போன அளவுக்கு மேலேயும் கீழேயும் இடமும் வலமும் திரும்பி வர வேண்டும், அதாவது இரட்டை எண்ணிக்கையில் நகர்த்த வேண்டும். கடைசியில் நிற்பது இரட்டைப் பெட்டி. 14ஐயும் 15ஐயும் மட்டும் மாற்றுவது ஒற்றை. முடிந்தது. இருபது லட்சம் கோடிச் சங்கதிகளில் ஒரே ஒரு தகவலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் உதறிய பிறகும், கேட்ட கேள்விக்கு முழு விடை கிடைக்கிறது.

ஹோமோமார்பிசம் (செயலியைக் குலைக்காமல் ஒரு குலத்தை இன்னொன்றுக்கு அனுப்பும் சார்பு), அதன் உட்கரு, முதல் ஐசோமார்பிசத் தேற்றம் எல்லாம் இதற்குப் பிறகு லேசாக இறங்கிவிடும். எதை உதறினோமோ அது உட்கரு. உதறிய பின் மிச்சம் நிற்பது பிம்பம். தேற்றத்தின் வாசகத்தை மனப்பாடம் செய்வதைவிட, வரிசைமாற்றத்தை ஒற்றை இரட்டைக்கு அனுப்பும் சார்புக்கும், அணியை அதன் அணிக்கோவைக்கு அனுப்பும் சார்புக்கும் உட்கரு எது என்று ஒரு மாலையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் போதும்.

வளையங்களுக்கு வரும்போது "மறுபடியும் முதலிலிருந்தா" என்று ஒரு அலுப்பு வரும். குலத்தில் படித்ததையே கூட்டல், பெருக்கல் இரண்டையும் வைத்துத் திரும்பச் சொல்வது போலத் தெரியும். நார்மல் உட்குலம் இருந்த இடத்தில் ஐடியல், அவ்வளவுதானே என்று. இங்கேயும் சரித்திரத்தைத் தொட்டால் பாடம் உயிர்பெறும். 1847இல் லாமே என்பவர் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவிவிட்டதாகப் பாரிஸில் அறிவித்தார். அவர் கையாண்ட புதுவகை எண்களுக்கும் பகாக் காரணிகளாகப் பிரிப்பது ஒரே விதமாகத்தான் நடக்கும் என்று எடுத்துக்கொண்டிருந்தார். அது எப்போதும் உண்மையில்லை என்பது கும்மருக்கு முன்பே தெரிந்திருந்தது. நாமே பார்க்கலாம்: முழு எண்களோடு √-5ஐயும் சேர்த்துக்கொண்டால், 6ஐ 2 × 3 என்றும் பிரிக்கலாம், (1 + √-5) × (1 - √-5) என்றும் பிரிக்கலாம். இந்த நான்கு காரணிகளில் எதையும் மேலும் உடைக்க முடியாது. பள்ளியில் படித்த காரணிப்படுத்தலின் தனித்தன்மை கண்ணெதிரே போய்விட்டது. அதை மீட்க கும்மர் "இலட்சிய எண்கள்" என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். டெடகின்ட் 1871இல் அதை எண்களின் தொகுப்பாக மாற்றி எழுதினார், அதுதான் ஐடியல். எண்கள் தனித்தன்மையோடு பிரியாத இடத்தில் ஐடியல்கள் பிரிந்துவிடும்.

இந்தப் பாடம் இன்று இருக்கும் வடிவத்துக்குப் பெரிதும் பொறுப்பானவர் எம்மி நோய்தர். 1915இல் ஹில்பர்ட்டும் க்ளைனும் அவரைக் கோட்டிங்கனுக்கு அழைத்தார்கள். பெண் என்பதால் அங்கே விரிவுரையாளர் தகுதி தர மறுத்தார்கள். அதனால் அவருடைய வகுப்புகள் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்டு நடந்தன. 1921இல் வெளியான ஐடியல்கள் பற்றிய அவருடைய கட்டுரை, எண்களையும் பல்லுறுப்புக் கோவைகளையும் தனித்தனியாகப் பேசுவதை விட்டுவிட்டு, இரண்டுக்கும் பொதுவான நிபந்தனையிலிருந்து நேராகத் தொடங்கியது. அவருடைய விரிவுரைகளையும் ஆர்ட்டினின் விரிவுரைகளையும் அடிப்படையாகக் கொண்டு வான் டெர் வார்டன் எழுதிய பாடப்புத்தகம் 1930இலும் 1931இலும் இரண்டு பகுதிகளாக வந்தது. குலம், வளையம், களம் (பூஜ்யம் தவிர எதாலும் வகுக்க முடிகிற வளையம்) என்று நாம் படிக்கும் ஏற்பாடு அதன் வழி வந்தது. 1933இல் நாஜி அரசு நோய்தரைப் பணியிலிருந்து நீக்கியது. அமெரிக்காவில் பிரின் மார் கல்லூரிக்குப் போனவர் 1935இல் இறந்தார். உதாரணங்கள் நிறையத் தெரிந்தவர்களுக்கு அவருடைய அணுகுமுறை பெரிய விடுதலையாக இருந்திருக்கும். உதாரணம் எதுவுமே கையில் இல்லாத இரண்டாம் ஆண்டு மாணவருக்கு அதே வரிசையில் அப்படியே ஊட்டுவது சரிதானா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

வளையத்தில் என்னை மயக்கியது வேறொன்று. மெய்யெண் கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக் கோவைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்² + 1 என்பதன் மடங்குகள் எல்லாவற்றையும் பூஜ்யம் என்று வைத்துவிடுங்கள். அதாவது, இரண்டு கோவைகளின் வித்தியாசம் அதன் மடங்காக இருந்தால் இரண்டும் ஒன்றே. உதாரணத்துக்கு 2 + எக்ஸ், 3 + எக்ஸ் இரண்டையும் பெருக்குங்கள். 6 + 5எக்ஸ் + எக்ஸ்² வரும். எக்ஸ்² + 1 பூஜ்யம் என்பதால் எக்ஸ்² என்பது -1. விடை 5 + 5எக்ஸ். கலப்பெண் பெருக்கல்! -1க்கு வர்க்கமூலம் உண்டு என்று "கற்பனை செய்துகொள்ளுங்கள்" என்று பள்ளியில் சொன்னார்களே, அந்தக் கற்பனைக்கு இங்கே தேவையே இல்லை. ஏற்கனவே இருக்கும் கோவைகளில் சிலவற்றை ஒன்றாக எண்ணினோம், -1இன் வர்க்கமூலம் வந்து நின்றுவிட்டது. இதைப் புரிந்துகொண்ட அன்று ராத்திரி வெகுநேரம் தூங்காமல் வேறு எந்தெந்தக் கோவைகளைப் பூஜ்யமாக்கலாம் என்று எழுதிக்கொண்டே இருந்தேன். 0, 1 மட்டும் கெழுக்களாக உள்ள (1 + 1 = 0 என்று வைத்த) கோவைகளில் எக்ஸ்² + எக்ஸ் + 1ஐப் பூஜ்யமாக்கினால் நான்கே உறுப்புகள் கொண்ட களம் கிடைக்கும். 4ஆல் வகுத்த மீதிகளும் நான்குதான், ஆனால் அங்கே 2 × 2 பூஜ்யமாகிவிடும், வகுத்தல் நடக்காது. இதே வழியில் எட்டாம் படிக் கோவை ஒன்றைப் பூஜ்யமாக்கிக் கிடைக்கும் 256 உறுப்புக் களத்தில்தான் கியூஆர் குறியீட்டின் பிழை திருத்தமும் ஏஇஎஸ் குறியாக்கமும் நடக்கின்றன. ஒரு பைட்டுக்கு 256 மதிப்புகள் என்பதால் அளவும் கச்சிதம்.

எப்படிப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் தரும் யோசனை ஒன்றுதான். கைவசம் சில ஆட்களை வைத்துக்கொள்ளுங்கள்: சதுரத்தின் எட்டு நகர்வுகள், மூன்று பொருள்களின் ஆறு வரிசைமாற்றங்கள், அந்தப் 12 உறுப்புக் குலம், 6ஆல் வகுத்த மீதிகள், இரண்டுக்கு இரண்டு அணிகள், √-5 சேர்த்த முழு எண்கள். எந்தத் தேற்றம் வந்தாலும் நிறுவலைப் படிக்கும் முன்னால் இவர்களிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். தேற்றத்தின் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டு, இவர்களில் யார் அதை உடைக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் யாராவது ஒருவர் உடைத்துவிடுவார், அந்த நிபந்தனை எதற்கு இருக்கிறது என்பது அதன் பின் மறக்காது. தீர்வுகளை இணையத்தில் தேடிப் படிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்கு வாய்விட்டுச் சொல்ல வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் சரி.

பெரும்பாலான முதல் பருவங்கள் ஐந்துபடிச் சமன்பாட்டுக்குத் திரும்பாமலேயே முடிந்துவிடுகின்றன. கால்வா கோட்பாடு அடுத்த வருடத்துப் பாடம். ஆனாலும் அதில் பாதியை முதல் பருவத்துச் சரக்கை வைத்தே பார்த்துவிடலாம். ஒரு சமன்பாட்டுக்குச் சூத்திரம் உண்டு என்றால், அதன் மூலங்களின் இடமாற்றக் குலத்தை ஈவுக் குலங்களாகப் படிப்படியாக இறக்க முடிய வேண்டும், ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் ஈவுக் குலம் ஆபெலியனாக இருக்க வேண்டும். இதைத்தான் கால்வா கோட்பாடு சொல்கிறது, இப்போதைக்கு நம்பிக்கொள்ளுங்கள். எக்ஸ்⁵ - 4எக்ஸ் + 2 என்ற சாதுவான கோவைக்கு அந்தக் குலம், ஐந்து பொருள்களின் 120 வரிசைமாற்றங்களும் சேர்ந்தது. ஒற்றை, இரட்டை என்று பிரித்தால் முதல் படி இறங்கிவிடும். மிச்சம் 60 இரட்டை வரிசைமாற்றங்கள்.

அந்த 60ஐ மேலும் இறக்க ஒரு நார்மல் உட்குலம் வேண்டும். ஓர் உறுப்பின் ஒரு பக்கம் இன்னோர் உறுப்பையும் மறுபக்கம் அதன் நேர்மாறையும் வைத்துப் பெருக்கினால் கிடைப்பவை எல்லாம் சேர்ந்தது ஓர் இணை வகுப்பு. நார்மல் உட்குலம் என்பது இணை வகுப்புகளை முழுசு முழுசாகத்தான் சேர்த்துக்கொள்ள முடியும். ஒரு வகுப்பில் பாதியை எடுத்து மீதியை விட முடியாது. இந்தக் குலத்தில் வகுப்புகள் ஐந்து, அளவுகள் 1, 12, 12, 15, 20. சமனி கட்டாயம் என்பதால் 1 இருந்தே ஆக வேண்டும். அதோடு மற்றவற்றில் சிலவற்றைக் கூட்டி, 60ஐ வகுக்கும் எண் ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். 13, 16, 21, 25, 28, 33, 36, 40, 45, 48. ஒன்றுகூட 60ஐ வகுக்காது. லக்ராஞ்ச் தேற்றம் கதவைச் சாத்திவிட்டது. தனி 1ஐயும் முழு 60ஐயும் தவிர இதற்குள் நார்மல் உட்குலம் கிடையாது, ஆகவே ஒன்றாக எண்ணுவதற்கும் எதுவும் இல்லை. முழு 60ஐயும் ஒரே அடியில் உதறலாமே என்றால், இந்தக் குலமே ஆபெலியன் இல்லை. கார்டானோவுக்குப் பின் இருநூறு வருடங்களுக்கு மேல் தேடிய சூத்திரம் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது.